ஆறாம் காம்பராவில் அட்சரகணிதம்

எங்கள் லயத்தில் பகலில் கதவு சாத்தும் வழக்கம் இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு; ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. காலையில் திறந்த கதவு இரவு படுக்கும்போதுதான் மூடப்படும். நடுவில் மூடினால் உள்ளே சண்டை, அல்லது சாராயம், அல்லது அதைவிட மோசமான ஒன்று. யாரும் தட்டிக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். தள்ளித் திறந்துவிடுவார்கள்.

இது எனக்குத் தெரியும். அங்கேயே பிறந்தவன். இருந்தும் ஒரு புதன்கிழமை காலையில் கதவைச் சாத்தினேன். காரணம் அட்சரகணிதம்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். கல்யாணமான வருடம் நானும் சுலக்ஷனாவும் கொழும்பு நிறுவனம் ஒன்றில் தபால்வழிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தோம். ஒவ்வொரு பாடமாக முடிக்க வேண்டும். முடித்த பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்கும். தேவையான கிரெடிட் சேர்ந்தால் பட்டம். பட்டம் இருந்தால் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வரலாற்றை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது, கணக்கை அவள் எனக்கு. என் பங்கை நான் முடித்தேன். அவள் பங்கு தொடங்குமுன் காய்ச்சல் வந்தது. கண்டிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது அவள் வேறு வண்டியில் வந்தாள்.

அது 2008. அடுத்த வருடம் எனக்குக் கணக்கு மட்டும், எக்ஸையும் வையையும் தேடுகிற அந்த அட்சரகணிதம் மட்டும், மிச்சமிருந்தது.

நிறுவனத்தின் கணக்கு வகுப்பு கொழும்பில், சனிக்கிழமைகளில். அதற்கான கட்டணத்தில் எங்கள் லயத்தில் ஒரு கல்யாணம் முடித்துவிடலாம். ஆனால் விதிமுறையில் ஒரு சந்து இருந்தது. அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு இணையவழிப் பாடத்தில் கிரெடிட் எடுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதைக் கண்டுபிடித்தவன் றமணன்.

றமணன் ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இன்டர்நெட் கடை வைத்திருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். அவன் அப்பா இங்கே ஆசிரியராக வந்து, வந்த வாரமே மாற்றம் கேட்டு, மாற்றம் கிடைக்காமலே ஓய்வு பெற்றவர்.

"இஞ்ச பாருங்கோ மாஸ்டர்," என்று திரையைத் திருப்பிக் காட்டினான். "அமெரிக்காவில ஒரு கொம்பனி. மாசக் காசு ஒரு சோடி சப்பாத்து விலைதான். வீட்டில இருந்தே படிக்கலாம். கடைசியில ஒரு சோதினை. பாஸெண்டா கிரெடிட்."

"ரொம்ப மலிவா இருக்கே."

"மலிவெண்டா கூடாதோ? அங்கத்தைய கணக்கில இரண்டும் இரண்டும் அஞ்சே? எல்லா இடத்திலையும் நாலுதான் மாஸ்டர்."

கட்டணத்தைக் கடன் அட்டையில் கட்ட வேண்டும். என்னிடம் இல்லை. றமணனின் அண்ணன் டொரொண்டோவில் லொறி ஓட்டுகிறான். அவன் கட்டினான். நான் ரூபாயை றமணனிடம் கொடுத்தேன். இதில் ஒரு சிக்கல். காசு கட்டியவரின் மின்னஞ்சலுக்குத்தான் அந்தக் கொம்பனி வாழ்த்து அனுப்பும். ஒரு நாள் அண்ணன் தொலைபேசி எடுத்து, "டேய், நான் இருபடிச் சமன்பாட்டை வெற்றிகரமா முடிச்சிட்டனாம். அது என்னடா சாமான்?" என்று கேட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் றமணனின் கடையில் பாடம் பார்த்தேன். காணொளியில் ஒரு மொட்டைத்தலை மனிதர் சிரித்துக்கொண்டே எக்ஸைத் தேடுவார். கிடைத்ததும் கையைத் தட்டுவார். எனக்கும் கிடைத்தது. கை தட்டத் தோன்றவில்லை. ஆனால் கிடைத்தது. கணக்கில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று இருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று அது கேட்பதில்லை.

அந்த வருடம் எனக்கு விளங்காமல் இருந்தது கணக்கல்ல, உப்பு. பொழுது சாய்ந்தால் யாராவது ஒருவர் சிரட்டையோடு என் ஆறாம் காம்பராவுக்கு வந்துவிடுவார். "தம்பி, கொஞ்சம் உப்பு." ஒரு நாள் பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மா. மறுநாள் அவர் புருஷன் செல்லசாமி. அவர் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். துரையிடம் உரிமை கேட்கிற மனிதர் என்னிடம் உப்புக் கேட்டு நிற்பார். அதற்கு மறுநாள் கடைசிக் காம்பரா வீரய்யா. வாங்கியதும் போகமாட்டார்கள். அடுப்பை எட்டிப் பார்ப்பார்கள். சட்டியைத் திறப்பார்கள்.

"சாப்புட்டாச்சா?"

"ஆச்சு."

"என்னா கறி?"

"பருப்பு."

"நேத்தும் பருப்புத்தானே?"

"ஆமா."

பிறகுதான் போவார்கள். இவ்வளவு உப்புத் தின்னும் லயத்துக்கு ஏன் இன்னும் இரத்த அழுத்தம் வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் உப்புப் பக்கெட் வாங்கி வந்தேன்.

பரீட்சைக்கான விதிமுறை மின்னஞ்சலில் வந்தது. கணினியிலுள்ள கெமரா வழியாக ஒரு மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அறையில் தனியாக இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். சுவரில் எதுவும் தொங்கக்கூடாது. கடிகாரம், தொலைபேசி கூடாது. இன்னொருவர் உள்ளே வந்தால் பரீட்சை அத்துடன் முடிந்தது. நிறுவனம் வேறு ஒரு கடிதம் போட்டிருந்தது. மாத முடிவுக்குள் கணக்குக் கிரெடிட் வந்து சேராவிட்டால் என் பதிவு காலாவதி. அதுவரை எடுத்த கிரெடிட் எல்லாம் வீண்.

றமணனின் கடை சரிவராது. அங்கே பெட்டி பெட்டியாகத் தடுத்திருந்தாலும் எந்நேரமும் யாராவது ஒருவர் கார் ஓட்டி, இடித்து, கத்திக்கொண்டிருப்பார். பாடசாலையில் சிக்னல் இல்லை. மிஞ்சியது என் காம்பரா. றமணன் தன் லெப்டொப்பையும் இன்டர்நெட் டொங்கிளையும் நீண்ட வயர் ஒன்றையும் தந்தான். கடைசியில் ஒரு புதன்கிழமை காலை நேரத்தைப் பதிந்தேன். லயமே கொழுந்து பறிக்க மலையில் இருக்கும் நேரம்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுச் செய்தியை லயத்துக்குச் சொல்வது சுலக்ஷனாவின் வேலையாக இருந்தது. அந்த வேலைக்கு நான் யாரையும் நியமிக்கவில்லை.

செவ்வாய் மாலை விதிமுறைப்படி அறையை ஒழுங்கு செய்தேன். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வீரய்யாவிடம் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குத் தம்பி கடிகாரம்? நான் எந்த வேலைக்குப் போகப் போறேன்?"

"வச்சிருங்க."

சுவரில் ஒரு குடை தொங்கியது. சாவு நடந்த அன்று செல்லசாமி அண்ணனிடம் வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப என்னா அவசரம்?"

"ஒங்களோடதுதானே."

பிறகு கோழி. சுலக்ஷனாவின் கோழி. அடுப்படியில் படுத்துக்கொண்டு ஓயாமல் கொக்கரிக்கும். அதையும் என் தொலைபேசியையும் பேச்சியம்மாவிடம் கொண்டு போனேன்.

"கோழி என்னா தம்பி செஞ்சிச்சு?"

"சத்தம் போடுது."

"கோழின்னா சத்தம்தான் போடும். நீங்கதான் ஒரு வார்த்த பேசுறதில்ல, அதாவது பேசட்டுமே. போன் எதுக்கு?"

"வேணாம்."

"எப்ப திருப்பித் தர?"

"பார்ப்போம்."

சுவரில் இன்னும் ஒன்று இருந்தது. அவள் படம். மாலையோடு கழற்றினேன். பெட்டிக்குள் வைக்க மனம் வரவில்லை. அதையும் பேச்சியம்மாவிடமே கொண்டு போனேன். பேச்சியம்மா படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் நடந்ததைப் பின்னால் கேள்விப்பட்டேன். பெரட்டு என்பது விடியலில் எல்லாரும் கூடி, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரித்துக்கொள்ளும் இடம். அன்று அங்கே என் பொருட்கள் ஒன்றுகூடின. கடிகாரம் என்றார் வீரய்யாவின் மனைவி. குடை என்றார் செல்லசாமி. கோழி, போன் என்றார் பேச்சியம்மா. பிறகு படம் என்றார். கணக்கப்பிள்ளை மலை நம்பரைச் சத்தம் போட்டு இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தார்களாம். செல்லசாமி வீரய்யாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்: கால் வலி என்று வீட்டில் கிடக்க வேண்டாம், ஆறாம் காம்பராவுக்குப் பக்கத்தில் போய்க் கிடக்கவும்.

நான் பாடசாலைக்கு விடுமுறை போட்டிருந்தேன். டொங்கிளுக்குச் சிக்னல் உயரத்தில்தான் கிடைக்கும். முக்காலியில் ஏறிக் கூரைக் கட்டையில் கட்டினேன். வயர் நடு அறையில் நீளமாகத் தொங்கியது. இறங்கினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

மேற்பார்வையாளர் பெயர் டோனா. முகம் தெரியவில்லை, குரல் மட்டும். அவருக்கு அங்கே நள்ளிரவு. பேசுமுன் ஒரு கொட்டாவி கேட்டது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். நான்கு சுவர். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"மேலேயிருந்து தொங்குவது என்ன?"

"இன்டர்நெட்."

"சரி. தொடங்கலாம்."

முதல் கேள்விகள் இலகு. நான்காவதில் ஓர் எக்ஸ் கிடைத்தது. ஐந்தாவதில் இரண்டு. பலகை ஜன்னலில் ஒரு வெடிப்பு உண்டு. அதில் வெளிச்சம் ஒரு கணம் மறைந்தது. பிறகு திரும்பியது. பிறகு வெளியே வீரய்யாவின் குரல் கேட்டது. கால் வலிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மலை முழுக்க எதிரொலித்தது.

"பேச்சீ! ஓடியாங்கடி! முக்காலி இருக்கு! மேலேருந்து தொங்குது! ஓடியாங்க!"

"வெளியே என்ன சத்தம்?" என்றார் டோனா.

"பக்கத்து வீட்டுக்காரர். வயதானவர்." நான் ஆறாம் கேள்விக்குப் போனேன்.

எழுந்து கதவைத் திறந்திருக்கலாம்தான். ஆனால் கதிரையை விட்டு எழுந்தால் பரீட்சை ரத்து. அது மூன்றாம் விதி. நான் விதிகளை ஒழுங்காகப் படிப்பவன்.

ஏழாவது கேள்வியில் கதவு உள்ளே வந்தது. பிணைச்சல் பிடுங்கிக்கொண்டு கதவு முழுதாகவே வந்தது. அதன் மேல் பேச்சியம்மா, அவர் பின்னால் முதுகில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக லயத்துப் பெண்கள் அனைவரும். செல்லசாமி அண்ணன் கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு. கொழுந்து அறை முழுக்கச் சிதறியது.

"எறங்குங்க தம்பி! எறங்குங்க!" பேச்சியம்மா என் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நான் உக்காந்துதானக்கா இருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கதிரை, மேசை, நான், என் கையில் பென்சில். முதுகில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அழுகை. அழுதுகொண்டே மூன்றாவது அறை.

"கதவச் சாத்திக்கிட்டு என்னாடா செய்ற?"

"கணக்கு."

"கணக்கா? பகல்ல கதவச் சாத்திக்கிட்டு எவன்டா கணக்குச் செய்வான்?"

லெப்டொப்பிலிருந்து டோனா கேட்டார், தெளிவாக, தூக்கம் போன குரலில்: "இவர்கள் யார்? ஏன் கதவை உடைத்தார்கள்?"

"நான் சாகப் போவதாக நினைத்துவிட்டார்கள்."

"போகிறீர்களா?"

"இல்லை. அட்சரகணிதம்."

டோனா ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் வீரய்யா வந்து சேர்ந்தார். யார் தடுப்பதையும் கேட்காமல், வலிக்கிற காலோடு முக்காலியில் ஏறி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியால் இன்டர்நெட்டை ஒரே வெட்டாக வெட்டினார். திரை இருண்டது.

"இப்பச் சரி," என்றார்.

நான் அந்தக் கத்தியையும் வயரையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர்கள் தரவுகள் எல்லாம் சரி. படிமுறையிலும் பிழை இல்லை. விடைதான் தவறு. என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் பாதிப் புள்ளிக்கு மேல் கொடுத்திருப்பேன். அன்றைக்கு விடை தவறு. வேறு சில நாட்களில் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

செல்லசாமி அண்ணன்தான் முதலில் விடயத்தைப் பிடித்தார். தலைவர் அல்லவா. "பரீட்ச போச்சா?"

"போச்சு."

"மறுபடி எழுத ஏலாதா?"

"நடந்தத எழுதிக் கேக்கலாம். வெள்ளிக்கிழமையோட மாசம் முடியுது."

"அப்ப ஏன் குந்திக்கிட்டு இருக்கீங்க? கெளம்புங்க ஹட்டனுக்கு."

செல்லசாமி அண்ணனும் கிளம்பினார், பேச்சியம்மாவும் கிளம்பினார். என்னைத் தனியாக பஸ்ஸில் விட அவர் தயாராக இல்லை. வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

றமணன் வயரைக் கையில் வாங்கி இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்த்தான். "கவ்வாத்துப் பண்ணிப்போட்டாங்கள். இனித் துளிர்க்குமோ?" என்றான். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கணினியைத் திறந்து தந்தான்.

நான் கொம்பனிக்கு எழுதினேன்: 'பக்கத்து வீட்டார் தவறாக விளங்கிக்கொண்டனர். மீண்டும் எழுத அனுமதிக்கவும்.'

பேச்சியம்மா பின்னால் நின்றுகொண்டு, "என்னா எழுதியிருக்கு?" என்றார். சொன்னேன்.

"இவ்வளவுதானா? நான் சொல்றேன், எழுதுங்க. எங்க பிள்ளைக்குப் பொஞ்சாதி செத்துப் போச்சு. எழுதினீங்களா?"

எழுதினேன்.

"அன்னையிலருந்து பேசுறதில்ல. பருப்பத் தவிர வேற ஆக்குறதில்ல. நாங்க ஒரு வருசமா மொற போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கோம். இவர்தான் பெரட்டுல மொற பிரிச்சுக் குடுக்குறாரு. மல பிரிக்கிற மாதிரி. இன்னைக்கு நானு, நாளைக்கு வீரய்யான்னு. உப்புக் கேக்குற மாதிரிப் போயி..."

என் விரல் நின்றது. "உப்பா?"

பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டார். செல்லசாமி அண்ணன் ஜன்னல் வழியாக பஸ்களைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல உப்பு போத்தல் போத்தலாக் கெடக்கு தம்பி," என்றார் பேச்சியம்மா கடைசியில். "சும்மா வந்து எட்டிப் பாத்தா நீங்க வெரட்டிருவீங்க. அதுக்குத்தான் உப்பு. ஒங்க உப்பு வேற."

நான் திரையைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"உப்பையும் எழுதவா?"

"எழுதுங்க. வெள்ளக்காரிக்கு உப்புத் தெரியாதா?"

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நீளமான மின்னஞ்சல் அது. ஆங்கிலத்தில் 'மொற' என்பதற்கு அரை வரி தேவைப்பட்டது. றமணன் இலக்கணம் பார்ப்பதாகச் சொல்லி வாசித்தான். பிழை இருக்கிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனான்.

வியாழன் பகல் பதில் வந்தது. றமணன் செல்லசாமியின் போனுக்கு அழைத்துச் சொன்னான். வெள்ளி காலை மீண்டும் எழுதலாம். அதே டோனா மேற்பார்வை பார்ப்பார். அதே விதிகள். கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இதில்தான் பிரச்சினை. கதவு இல்லை. அதாவது இருந்தது, பிணைச்சல் இல்லை. தோட்டத்துத் தச்சரைக் கூப்பிட ஒப்பீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் பொங்கலுக்கு வருவார், எந்தப் பொங்கல் என்பதுதான் தெரியாது.

அன்று மாலை என் வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் கூட்டம் போட்டார்கள். கதவை நிமிர்த்தி நிலையில் பொருத்திப் பார்த்தார்கள். நின்றது. கையை எடுத்தால் விழுந்தது.

"ஆள் ஒண்ணு சாஞ்சு குந்தணும்," என்றார் செல்லசாமி.

"நான் குந்துறேன்," என்றார் பேச்சியம்மா. "ஒடச்சது நான்தானே. ஆனா ஒண்ணு. உள்ள சத்தமே இல்லன்னா எனக்குச் சரிவராது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், நீங்க உள்ள என்னா செய்றீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"கணக்குத்தான் செய்றேன்க்கா."

"அன்னைக்கும் அதத்தானே சொன்னீங்க."

பேச்சுவார்த்தை நீண்டது. பரீட்சையில் பேசக்கூடாது. பாடக்கூடாது. தட்டக்கூடாது. இருமலாம். இருமலுக்கு எதிராக விதி ஏதும் இல்லை என்று இரண்டு தடவை வாசித்து உறுதி செய்தேன். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் நான் ஒரு தடவை இருமுவது. இருமல் கேட்டால் பேச்சியம்மா அசையமாட்டார். இப்படி ஒப்பந்தமாயிற்று.

வெள்ளி காலைப் பெரட்டில் மற்றவர்களுக்கு மலை. பேச்சியம்மாவுக்கு ஆறாம் காம்பராக் கதவு. வீரய்யாவுக்குக் கோழி. அவரிடமிருந்து கத்தி வாங்கி வைக்கப்பட்டது. றமணன் புது வயர் கொடுத்தனுப்பியிருந்தான். செல்லசாமி அண்ணனே முக்காலியில் ஏறிக் கட்டினார். எல்லாரும் வெளியே போனார்கள். கதவு நிலையில் வந்து பொருந்தியது. வெளியே பேச்சியம்மா முதுகைச் சாய்த்து உட்கார்ந்த கனம் பலகையில் தெரிந்தது.

டோனா அறையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "இன்று கதவு பலமாக இருக்கிறதா?"

"மிகவும்."

முதல் கேள்வி. இருமினேன். இரண்டாவது. இருமினேன்.

ஐந்தாவது இருமலில் டோனா, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

"இங்கே குளிர்."

இருமல் எனக்கு ஒரு தாளம்போலப் பழகியது. எக்ஸ், இருமல். வை, இருமல். வெளியே யாரோ, "பதினொண்ணு," என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. வீரய்யா எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. இரண்டு புகைவண்டிகள், இரண்டு வேகம், எதிரெதிராக வருகின்றன, எங்கே சந்திக்கும். இந்த வகைக் கணக்கைச் சுலக்ஷனா ஒரு தடவை வட்டவளை ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறாள். கொழும்பு வண்டியையும் பதுளை வண்டியையும் வைத்து. எங்கள் வண்டி தாமதம் என்று அறிவித்ததும், "இப்பக் கணக்கே மாறிப் போச்சு," என்று சிரித்தாள். ஒப்பந்தத்தில் அவள் பங்கு வரவேயில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒரு கணக்கு வந்திருக்கிறது. அதை மறந்துபோயிருந்தேன்.

அவள் போட்டதைப் போலவே கோடு போட்டேன். இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. நடுவில் எக்ஸ். சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும மறந்துவிட்டேன்.

முதலில் வெளியே ஒரு முணுமுணுப்பு. பிறகு பலகை முனகியது. ஓரத்தில் விரலகலத்துக்கு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கண்.

நான் இருமினேன். ஒரு தடவை போதாது என்று தோன்றியது. ஐந்தாறு தடவை இருமினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. இருமலால்தான் என்று டோனா நினைத்திருப்பார். வெளிச்சம் மறைந்தது. கதவு பழைய இடத்துக்குப் போனது.

ரத்து என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். தட்டச்சு ஓசை கேட்டது. நின்றது.

"தண்ணீர் குடிக்கலாம். விதிகளில் அனுமதி உண்டு," என்றார்.

குடித்தேன். விடையை எழுதினேன். வண்டிகள் சந்தித்துக்கொண்டன.

கடைசிக் கேள்வியை முடித்துப் பொத்தானை அழுத்தியதும் முடிவு வந்துவிட்டது. சித்தியடைய எழுபது வேண்டும். எழுபத்தொன்று. மொட்டைத்தலை மனிதர் திரையில் தோன்றிக் கையைத் தட்டினார்.

நான் இருமவில்லை. "அக்கா," என்றேன். "பாஸ்."

பேச்சியம்மா துள்ளி எழ நினைத்திருக்கிறார். ஆனால் நெடுநேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. எழ முடியாமல் பின்னால் சாய்ந்தார். கதவும் அவரும் சேர்ந்து மல்லாக்க என் அறைக்குள் விழுந்தார்கள். மடியில் வைத்திருந்த படத்தை மட்டும் இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாலைகூடக் கலையவில்லை.

கெமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவர்தான் உப்புப் பெண்மணியா?" என்று டோனா கேட்டார்.

"ஆம்."

"படத்தில்?"

"என் மனைவி."

டோனா சொன்னார்: "பரீட்சை முடிந்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்."

வந்தார்கள். கோழியும் வந்தது. நான் படத்தை ஆணியில் மாட்டினேன். வீரய்யா கடிகாரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டினார். அது நின்றுபோயிருந்தது. சாவி கொடுக்க வேண்டும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார். றமணனின் அண்ணனுக்கு டொரொண்டோவில் வாழ்த்து மடல் போய்ச் சேர்ந்தது. அதை அச்சடித்து லொறியில் ஒட்டியிருக்கிறானாம்.

அன்று மாலை யாரும் உப்புக்கு வரவில்லை. இரகசியம் வெளியானபின் எந்த முகத்தோடு வருவது என்று யோசித்திருப்பார்கள். பொழுது சாய்ந்தது. பருப்பு கொதித்தது. கோழி மட்டும் பேசியது. காம்பராவுக்குக் கதவு இல்லாததால் இஸ்தோப்பில் யார் யார் மெதுவாக நடந்து போகிறார்கள் என்பது நன்றாகவே தெரிந்தது. எல்லாரும் மிக மெதுவாக நடந்தார்கள்.

நான் சிரட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். பேச்சியம்மா காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் உப்பு," என்றேன்.

என்னையும் சிரட்டையையும் பார்த்தார். "ஒங்க வீட்டுலதான் பக்கெட் பக்கெட்டாக் கெடக்குதே?"

"ஒங்க உப்பு வேற."

அவர் செல்லசாமி அண்ணனைப் பார்த்தார். செல்லசாமி அண்ணன் நகர்ந்து பலகையில் இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். பிறகு அடுப்பை எட்டிப் பார்த்தேன். சட்டியைத் திறந்தேன்.

"என்னா கறி?" என்று கேட்டேன்.